8 டிராக் ரெக்கார்டரில் ஆறு ஆண்டுகள்: பவுன்ஸ் செய்து இடம் தேடிய அனுபவம்

8 டிராக் (தனித்தனியே ஒலி பதியும் தடம்) கொண்ட டிஜிட்டல் ரெக்கார்டர் ஒன்றை ஆறு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். இடநெருக்கடி முதல் பாட்டிலேயே தொடங்கிவிட்டது. டிரம்ஸுக்கு நான்கு மைக் வைத்தால் நான்கு டிராக் போய்விடும். பேஸ் கிட்டார், இரண்டு சாதாரண கிட்டார் சேர்த்தால் ஏழு. மிச்சமிருக்கும் ஒன்றில் பாடலாம். கோரஸுக்கு இடம் கிடையாது. பதிவானவற்றைக் கலந்து இரண்டு டிராக்குக்குள் அடக்கிவிட்டு, பழையவற்றைக் காலி செய்யும் பவுன்ஸ் முறைக்கு அப்படித்தான் வந்து சேர்ந்தேன்.

1960களில் பீட்டில்ஸ் குழுவினர் 4 டிராக் டேப் இயந்திரங்களில் செய்ததும் இதுதான். டேப்பில் ஒவ்வொரு பிரதிக்கும் இரைச்சல் ஏறும். ஒலியை மிக நுணுக்கமாக அளந்து பதியும் 24 பிட் டிஜிட்டல் பதிவில் அந்தக் கவலை இல்லை. மூன்று முறை அடுத்தடுத்து பவுன்ஸ் செய்த ஒலியிலும் தேய்மானம் எதுவும் என் காதுக்குப் படவில்லை. கலந்ததை ரெக்கார்டரிலேயே பிரிக்க முடியாது என்ற நிலை மட்டும் அன்று போலவே இன்றும் இருக்கிறது.

அதன் கனம் புரிய எனக்கு ஒரு பாட்டு தேவைப்பட்டது. டிரம்ஸை மட்டும் தனியே கேட்டு, ஹை-ஹேட் (ஜோடித் தட்டு) மினுமினுக்க, கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) அளவாக ஒலிக்க, மனநிறைவோடு பவுன்ஸ் செய்து மூல டிராக்குகளை அழித்தேன். பேஸும் கிட்டார்களும் ஏறியதும் கிக் அடியில் புதைந்துவிட்டது. ஹை-ஹேட்டோ பாடகரின் ஒவ்வொரு 'ச'கரத்தோடும் மோதியது. ஒலியின் அலைவரிசைகளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில் மேல் அலைவரிசையைக் குறைத்தால் ஸ்னேர் டிரம்மின் கூர்மையும் சேர்ந்தே மங்கியது. கடைசியில் டிரம்ஸை முழுவதுமாக மறுபடி வாசிக்க வேண்டியதாயிற்று.

அதிலிருந்து, எதைப் பவுன்ஸ் செய்வதாக இருந்தாலும் முழுப் பாட்டையும் ஓடவிட்டுத்தான் அளவு பார்க்கிறேன். பேஸும் பாடும் குரலும் தோராயமாகவாவது பதிவாகியிருக்க வேண்டும். டிராக் இல்லையென்றால் பேஸையும் கிட்டாரையும் ஒரே டிராக்கில் தற்காலிகமாக வாசித்து வைத்துக்கொள்வேன். ஒவ்வொரு டிராக்கின் ஒலி அளவையும் மாற்றும் ஃபேடர்களின் நிலையைத் தாளில் குறித்துக்கொண்டு, தேவையில்லாத டிராக்குகளை மியூட் செய்த (ஒலிக்காமல் நிறுத்திய) பிறகே பொத்தானை அழுத்துவேன். என் ரெக்கார்டரில் பவுன்ஸின்போது காதில் விழுவதெல்லாம் பதிவாகும். ஒருமுறை வழிகாட்டிக் குரலை, அதாவது அடையாளத்துக்காகத் தற்காலிகமாகப் பாடி வைத்ததை, மியூட் செய்ய மறந்ததில், அது டிரம்ஸுக்கு அடியில் மெலிதாக ஒட்டிக்கொண்டது. இறுதிக் குரல் மூச்சுவிட நிறுத்தும் இடங்களிலெல்லாம் பின்னால் வேறொரு குரல் கேட்கும்.

அளவு விஷயத்திலும் கவனம் தேவை. ஒரே அளவிலுள்ள நான்கு கோரஸ் குரல்கள் சேரும்போது மொத்த ஒலி சராசரியாக 6 டெசிபல் கூடும்; உச்சங்கள் ஒரே நொடியில் சந்தித்தால் இன்னும் கூடும். அதனால் ஒவ்வொரு ஃபேடரையும் முன்பே இறக்கி, உச்சம் ரெக்கார்டரின் எல்லைக்கு 6 டெசிபல் கீழே (மைனஸ் 6) நிற்கும்படி வைக்கிறேன். 24 பிட்டில் சற்றுத் தாழ்வாகப் பதிவு செய்வதால் நட்டம் எதுவும் இல்லை. எல்லை மீறி உச்சி முறிந்த ஒலியை முழுமையாக மீட்கத்தான் வழியில்லை.

அறையின் எதிரொலி போன்ற ரிவெர்பைப் பவுன்ஸில் சேர்ப்பதில்லை. சேர்த்துவிட்டால் பிறகு கூட்டலாமே தவிரக் குறைக்க முடியாது. ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தும் கம்ப்ரெஸர் கொஞ்சம் சேரலாம். கோரஸை மோனோவில், அதாவது ஒரே டிராக்கில், அடக்கினால் ஒரு டிராக் மிச்சம்தான், ஆனாலும் இடமும் வலமுமாகப் பரவி நிற்கும் அந்த விரிவை இழக்க எனக்கு மனம் வருவதில்லை.

பவுன்ஸ் ஓடும்போதே டாம்பரினை (கஞ்சிரா போன்ற கைத்தாள வாத்தியம்) நேரடியாக வாசித்துச் சேர்ப்பதும் உண்டு. தனி டிராக் செலவாகாது. ஐந்து நிமிடப் பாட்டின் கடைசி வரியில் தாளம் பிசகினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்பதால், வாசிக்கும் கை முழு விழிப்போடு இருக்கும். அந்த இறுக்கம் பதிவிலும் தெரிகிறது. எனக்கு அது மிகவும் பிடித்திருக்கிறது.

மூல டிராக்குகளை இப்போது கணினிக்கு மாற்றாமல் அழிப்பதே இல்லை. 24 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் மோனோவில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 8 மெகாபைட்; ஐந்து நிமிடப் பாட்டின் நான்கு டிராக்கும் சேர்ந்து 160 மெகாபைட்தான். ஃபேடர் குறிப்பெழுதிய தாளையும் படம் எடுத்து அதே கோப்புறையில் போட்டுவிடுகிறேன். சென்ற மாதம் கிக் மட்டும் போதவில்லை என்று தோன்றியபோது அந்தத் தாளைப் பார்த்து மற்ற மூன்றையும் பழைய இடத்தில் நிறுத்தி, கிக்கை மட்டும் 2 டெசிபல் ஏற்றி மறுபடி பவுன்ஸ் செய்தேன். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது.