பழைய ஆம்ப்ளிஃபயரை மாற்றச் சொல்கிறார்களா? எந்த சாக்கெட்டில் செருகிக் காட்டினார்கள் என்று பாருங்கள்

வீட்டில் பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரும் ஒரு ஜோடி ஸ்பீக்கரும் வைத்துக்கொண்டு, ஸ்ட்ரீமிங் கேட்க எல்லாவற்றையும் மாற்ற வேண்டுமோ என்று யோசிப்பவர்கள், கடைக்காரரைக் கூப்பிடும் முன் இதைப் படித்துவிடுங்கள். 25 வருடம் ஒரு குறையும் சொல்லாமல் பாடிய செட்டை நான் தூக்கிக் கொடுத்துவிட்டேன்.

ஃபோனில் இருக்கும் பாட்டு அந்த ஸ்பீக்கரில் வர வேண்டும், எனக்கு வேண்டியது அவ்வளவுதான். விற்பனையாளர் வீட்டுக்கே வந்தார். கையோடு கொண்டுவந்த கேபிளால் ஃபோனை ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கம் இணைத்து ஒரு பாட்டைப் போட்டார். ஒரே இரைச்சல். பேஸ் குமுறியது, பாடுகிறவர் குரல் நார்நாராகக் கிழிந்து வந்தது. "பாத்தீங்களா சார், இது அனலாக் காலத்து ஆம்பு. டிஜிட்டலை இதால தாங்க முடியாது" என்றார். என் காதாலேயே கேட்ட பிறகு எப்படி நம்பாமல் இருப்பது? எக்ஸ்சேஞ்ச் என்ற பெயரில் பழையதை அடிமாட்டு விலைக்கு எடுத்துக்கொண்டு, ஒரு வயர்லெஸ் செட்டை என் தலையில் கட்டிவிட்டுப் போனார்.

அதில் கேசட் டெக்கையோ ரெக்கார்ட் பிளேயரையோ சேர்க்க வழியே இல்லை. அட்டைப்பெட்டியில் சிடியைவிட உயர்ந்த தரம் என்று காட்ட, 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்று பெரிதாக அச்சடித்திருந்தது. ஆனால் அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்ததோ ப்ளூடூத்தில் கேட்க. பாட்டைச் சுருக்கி அனுப்பும் எஸ்பிசி என்ற சாதாரண ப்ளூடூத் முறையில் நொடிக்குச் சுமார் 328 கிலோபிட்தான் போகும். 1982-இல் வந்த சிடியிலேயே 1,411 இருக்கிறது.

ஒரு மாதம் கழித்து, ரிப்பேர் வேலை தெரிந்த நண்பர் ஒருவரிடம் புலம்பினேன். எந்த வயர் எங்கே என்று ஞாபகத்துக்காக அன்று ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கத்தைப் படம் எடுத்து வைத்திருந்தேன். அதைப் பெரிதாக்கிப் பார்த்தவர் அப்படியே என்னிடம் நீட்டினார். சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு பிளக்குகள். மேலே எழுதியிருந்தது 'ஃபோனோ'. பக்கத்திலேயே, ஃபோன் மாதிரிக் கருவிகளைச் செருகுகிற 'ஆக்ஸ்' சாக்கெட் காலியாக இருந்தது.

ஃபோனோ சாக்கெட் இசைத்தட்டு ஊசிக்கானது. ஊசி தருவது 5 மில்லிவோல்ட் அளவுதான் என்பதால், அங்கே வரும் எதையும் ஆம்ப்ளிஃபயர் பல மடங்கு பெருக்கும். தட்டில் குறைத்துப் பதிந்த பேஸை ஈடுகட்ட அதையும் ஏற்றிவிடும். ஃபோன் ஊசியைப் போல நூறு மடங்குகூடத் தரும். அப்புறம் கிழியாமல் என்ன செய்யும்? அதே கேபிளை ஆக்ஸிலோ, டேப், டியூனர், சிடி என்று எழுதிய எதிலோ செருகியிருந்தால் பாட்டு சுத்தமாக வந்திருக்கும். எந்த டிஜிட்டல் பாட்டும் ஃபோனிலோ, இணையத்திலிருந்து பாட்டை எடுத்துத் தரும் ஸ்ட்ரீமர் பெட்டியிலோ அனலாக்காக மாறித்தான் அந்த வயரில் வரும். இந்தத் தொழிலில் இருப்பவருக்கு இது தெரியாது என்று என்னால் நம்ப முடியவில்லை.

படத்தோடு கடைக்குப் போனேன். பெட்டி பிரித்தாகிவிட்டது, திரும்ப எடுக்க முடியாது என்றார்கள். சரி, என் பழைய செட்டையாவது கொடுங்கள் என்றேன். "அது அன்னைக்கே போயிடுச்சு சார்."

உங்கள் ஆம்ப்ளிஃபயர் வேலை செய்கிறதென்றால், ஆக்ஸில் செருக ஒரு சின்ன ஸ்ட்ரீமர் பெட்டி மட்டும் வாங்குங்கள். சீக்கிரம் பழசாவது அந்தப் பெட்டிதான். 2015-இல் வந்த கூகுளின் குரோம்காஸ்ட் ஆடியோ என்ற ஸ்ட்ரீமரை 2019-இல் நிறுத்திவிட்டார்கள், ஆனால் அது பாடிய ஆம்ப்ளிஃபயர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. வால்யூமைத் திருகும்போது கரகரத்தால் பெரும்பாலும் அழுக்குதான், கான்டாக்ட் கிளீனர் போதும். ஸ்பீக்கர் கூம்பைச் சுற்றிய ஃபோம் வளையம் உதிர்ந்திருந்தால் வளையத்தை மட்டும் மாற்றலாம். விடாத உறுமல் கேட்டால் உள்ளே கெப்பாசிட்டர் போயிருக்கலாம். அதை முதலில் பழுது பார்ப்பவரிடம் காட்டுங்கள், விற்கிறவரிடம் அல்ல.