வார்ப்பிரும்பா, அலுமினியமா? மட்டக்களப்பு வெயிலில் ஒரு பி.எக்ஸ். 150

பழைய வெஸ்பா பி.எக்ஸ். 150 ஸ்கூட்டர் வைத்திருக்கும் பொடியன்மார் இரண்டு பேர் சேர்ந்தால் கதை எப்படியும் சிலிண்டரில்தான் போய் நிற்கும். "177 கிட் போடு மச்சான்" என்பார் ஒருவர், 177 சி.சி. தரும் பெரிய சிலிண்டர், பிஸ்டன் செட்டைச் சொல்லி. "எக்ஸ்பான்ஷன் சைலன்சர் இல்லாமல் கிட் போட்டு என்ன பிரயோசனம்?" என்பார் மற்றவர். கராஜ் பாஸ் தலை நிமிராமலே, "முதல்ல சீலை மாத்துங்க தம்பிமார்" என்பார். மூன்றிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் ஓடப்போகிற வண்டிக்கு மூன்றும் ஒரே அளவுக்குப் பொருந்தாது. என் தேர்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வார்ப்பிரும்பு 177, பெட்டி வகை சைலன்சர், காபரேட்டரில் பெற்றோலை அளந்து விடும் ஜெட்டை ஒரு நம்பர் பெரிதாகவே விடுவது.

ஏன் என்று பார்க்க ரோட்டிலிருந்து தொடங்க வேண்டும். கல்லடிப் பாலம் தாண்டினால் கல்முனை வரைக்கும் ஏ4 வீதியில் ஏற்றம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி என்று ஊர் விட்டால் ஊர். மாடு குறுக்கே வரும், ஓட்டோ திடீரென்று திரும்பும், பள்ளி விடும் நேரத்தில் சைக்கிள் நிறையும். இங்கே தேவைப்படுவது நாற்பதில் போய்க்கொண்டிருக்கும்போது கியர் மாற்றாமல் அறுபதுக்கு இழுக்கும் பலம். உச்ச வேகம் பெரும்பாலும் கதைக்கத்தான் உதவும். பொத்துவில் பக்கம் இறங்கினாலோ, வாழைச்சேனை தாண்டிப் பொலன்னறுவைக்குப் போனாலோ ரோடு திறக்கும். அங்கே பிரச்சினை வேறு: ஒரே முறுக்கில் நீண்ட நேரம் போவோம். மலைநாட்டில் ஏறினால் இறங்கவும் வேண்டும், இறக்கத்தில் எஞ்சின் ஆறும். தட்டை ரோட்டில் அந்த ஆறுதல் கிடையாது. மேலே கச்சான் என்ற தென்மேற்குச் சூட்டுக் காற்று வேறு. கூலிங் ஃபேன் சிலிண்டருக்கு ஊதுவதும் அதே சூட்டுக் காற்றைத்தான்.

கிட் எதுவும் போடாமல், கொம்பனிச் சிலிண்டரையே ஒழுங்குபடுத்துவது முதல் வழி. 57.8 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 57 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), 149.5 சி.சி. பழைய வண்டி வேகம் குறைந்து கிடப்பதற்கு சி.சி. போதாமை அரிதாகத்தான் காரணம். கிராங்க் சீல், அதாவது கிராங்க் தண்டின் இரு பக்கமும் காற்றும் ஒயிலும் புகாமல் அடைக்கும் வளையம், போயிருக்கும். கிளட்ச் பக்கத்துச் சீல் போனால் கியர் ஒயில் உள்ளே இழுபட்டு வெள்ளைப் புகை வரும், கியர் பெட்டியில் ஒயில் மட்டம் இறங்கும். ஃப்ளைவீல் பக்கத்துச் சீல் போனால் புகையே வராது. எயார் இழுக்கும், உள்ளே போகும் கலவையில் பெற்றோல் குறைந்து கலவை மெலியும், அக்சலேட்டரை விட்ட பிறகும் எஞ்சின் உடனே அடங்காமல் கத்திக்கொண்டு நிற்கும். இந்த இரண்டாவதுதான் ஆபத்து, ஏனென்றால் வண்டி நன்றாக ஓடுவது மாதிரித் தெரியும். அந்த நிலையில் கிட் போட்டால் புதுப் பிஸ்டனை நெருப்பில் போடுவதாகவே முடியும். கையில் காசு குறைவென்றால் இந்த வழியே போதும். சீல், பியரிங், புது ஜெட், பிளக் பொறி விழும் சரியான டைமிங், அதோடு சரி.

பஜாஜ் சேட்டக் வைத்திருப்பவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. அதன் 57க்கு 57, 145.45 சி.சி. என்பது பழைய 2 ஸ்ட்ரோக் ஓட்டோவின் அளவும்தான். 2008இல் அந்த ஓட்டோக்களின் இறக்குமதி நின்றாலும், அவற்றைப் போர் பண்ணி, அதாவது உட்சுவரைக் கடைந்து பெரிதாக்கிப் பழகிய கைகள் லேத் கடைகளில் இன்னும் இருக்கின்றன.

சரி, கிட். பி.எக்ஸ். 150க்கு அதிகம் பேசப்படுபவை மூன்று: டி.ஆர். 177, பொலினி 177, மலோசி 166. முதல் இரண்டும் 63 மி.மீ. போர். மலோசி 61 மி.மீ., அலுமினியம், உட்சுவரில் நிக்கசில் என்ற கடினமான நிக்கல் பூச்சு. டி.ஆர். வார்ப்பிரும்பு. பொலினி வார்ப்பிரும்பிலும் வந்தது, பிறகு அலுமினியத்திலும் வந்தது. நான் இங்கே சொல்வது இரும்பை.

காகிதத்தில் அலுமினியம்தான் வெல்லும். வெப்பத்தை வேகமாக வெளியே விடும். பிஸ்டனும் அலுமினியம் என்பதால் சிலிண்டரும் பிஸ்டனும் சேர்ந்தே விரியும், இடைவெளியை நெருக்கமாக வைக்கலாம். இரும்புச் சிலிண்டரில் பிஸ்டன் கூட விரியும், சுவர் அவ்வளவு விரியாது. அதனால் இடைவெளி கொஞ்சம் தாராளமாக வேண்டும். இல்லாவிட்டால் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் பண்ணியவுடன் முறுக்கும்போதே பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப் பிடித்துவிடும்.

ஆனால் பிடித்த பிறகு என்ன செய்வது என்ற கேள்வியில் தராசு மறுபக்கம் சாய்கிறது. இரும்பு என்றால் லேத்தில் கொடுத்து அடுத்த ஓவர்சைஸுக்குப் போர் பண்ணலாம், ஊரிலேயே வேலை முடியும். நிக்கசில் பூச்சு உரிந்தால் சாதாரணப் போரிங் உதவாது. பூச்சை மறுபடி ஏற்ற வேண்டும், அல்லது புதுச் சிலிண்டர் வரவழைக்க வேண்டும். வெளிநாட்டுப் பார்சலுக்கும் சுங்க வரிக்கும் காத்திருக்கும் நாட்களில் வண்டி கராஜ் மூலையில் நிற்கும். அதோடு மலோசியின் முழுப் பலனையும் எடுக்க வேண்டுமென்றால் எஞ்சின் கேஸிலிருந்து கலவை மேலே ஏறும் ட்ரான்ஸ்ஃபர் வாய்களைச் சிலிண்டருக்கு ஏற்ப வெட்டிப் பெரிதாக்க வேண்டும். பொலினிக்கும் அப்படிச் செய்தால்தான் நல்லது. டி.ஆர். மட்டும் வெட்டுக் கொத்து இல்லாமல் அப்படியே உட்காரும். வேகத்தில் மூன்றில் கடைசி அதுதான், ஆனால் இந்த ரோட்டுக்கு நான் எடுப்பது அதைத்தான்.

எந்தக் கிட் என்றாலும் ஹெட்டை இறுக்கிவிட்டு உடனே கிக்கரை அடிக்காதீர்கள். முதலில் ஸ்குவிஷ் பார்க்க வேண்டும், அதாவது பிஸ்டன் உச்சிக்கு வரும்போது ஹெட் ஓரத்துக்கும் அதற்கும் உள்ள இடைவெளி. ஈயப் பற்று வைக்கும் சொல்டர் கம்பியில் 2 மி.மீ. தடிப்பானது ஒரு துண்டு எடுத்து, பிளக் துவாரத்தால் விட்டு, சிலிண்டர் சுவரில் முட்டும்வரை தள்ளுங்கள். ஃப்ளைவீலைக் கையால் மெதுவாகச் சுற்றி உச்சியைத் தாண்ட விடுங்கள். கம்பியை வெளியே எடுத்து, நசுங்கிய நுனியை வேர்னியரில் அளந்தால் விடை கிடைக்கும். பிஸ்டனைக் கனெக்டிங் ரொட்டோடு இணைக்கும் கஜன் பின் போகும் திசையிலேயே இரண்டு பக்கமும் அளப்பது நல்லது, மற்றத் திசையில் பிஸ்டன் ஆடி அளவு பிழைக்கும். 1.5 மி.மீ. அளவில் வந்தால் நிம்மதி. 2.5க்கு மேல் போனால் கிட் போட்ட பலனில் ஒரு பங்கு அங்கேயே போய்விடும், தட்டும் சத்தத்துக்கும் வழி திறக்கும்.

சைலன்சரில் எனக்கு இரண்டு மனம் இல்லை. எக்ஸ்பான்ஷன் வகை, வெளியே போன அழுத்த அலையைத் திருப்பி அனுப்பி, சிலிண்டரின் புகை வாயால் தப்பப்போகும் புதுக் கலவையை மறுபடி உள்ளே தள்ளுகிறது. அந்த அலை சரியான நேரத்துக்கு வந்து சேருவது ஒரு குறுகிய ஆர்.பி.எம். வட்டத்துக்குள்தான். அதற்குக் கீழே வண்டி கொம்பனி வண்டியைவிடச் சோம்பல். ஊருக்குள் போகும்போது அந்த வட்டத்தைப் பிடிக்க கியரை மாற்றி மாற்றிக் கை நோகும், சத்தத்துக்குப் பொலிசும் மறிக்கும். பெட்டி வகை, பார்வைக்குக் கொம்பனிச் சைலன்சர் மாதிரியே இருந்துகொண்டு நடு ஆர்.பி.எம்.மில் இழுவை தரும். பந்தயம் ஓடுபவர் மற்றதை வாங்கட்டும்.

காபரேட்டருக்கு வருவோம். பி.எக்ஸ். 150இல் இருப்பது டெல்லோர்ட்டோ எஸ்.ஐ. 20/20. டி.ஆர். கிட்டுக்கு அதுவே போதும். பொலினிக்கு, பி.எக்ஸ். 200இல் வரும் 24/24 பொருந்தும். ஆனால் கலவை உள்ளே போகும் கேஸின் வாயையும் பெரிதாக்க வேண்டி வரும். அப்போது கிராங்க் தொடாமல் மயிரிழை இடைவெளியில் ஓடி மூடித் திறக்கும் அந்த வாயின் பரப்பில் ஒரு கீறல் விழுந்தாலும் கேஸ் வீண். இந்த வேலையை அனுபவம் இல்லாத கையில் கொடுக்காதீர்கள்.

மெயின் ஜெட்டின் நம்பர் துவாரத்தின் விட்டம், மி.மீ.யில் நூறில் ஒரு பங்காக. 100 என்றால் 1 மி.மீ. 100இலிருந்து 110க்குப் போவது பத்து வீதம் போலத் தெரியும், பரப்பில் அது 21 வீதம். அதனால் பெரிதிலிருந்து தொடங்கி ஒவ்வொரு படியாக இறங்குங்கள்: 20/20க்கு 110 பக்கம், 24/24க்கு 125 பக்கம். கலவை தடித்திருந்தால் முழு முறுக்கில் எஞ்சின் "பொட பொட" என்று ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று எரியும். அது நின்று சத்தம் சுத்தமாகும் இடத்துக்கு ஒரு நம்பர் மேலே நிறுத்துங்கள். உறுதிப்படுத்த, புதுப் பிளக் போட்டு, வெறும் ரோட்டில் நாலாம் கியரில் முழு முறுக்கில் கொஞ்ச தூரம் போய், கிளட்சைப் பிடித்த கையோடு எஞ்சினை நிறுத்திக் கழற்றிப் பாருங்கள். வெள்ளைப் பீங்கானின் அடியில் மண்ணிற வளையம் வேண்டும். சுண்ணாம்பு வெள்ளை என்றால் அந்த ஜெட்டோடு வீட்டுக்குக்கூட வேகமாக ஓடாதீர்கள்.

இங்கே பருவம் ஒரு பொறி வைக்கிறது. ஆடி, ஆவணி வெயிலில் காற்று மெலியும், எஞ்சின் தடிப்பாக ஓடும், பொடியன்மார் ஜெட்டை இறக்குவார்கள். வண்டி பறக்கும். மார்கழி மழை விட்ட விடியற்காலையில் காற்று அடர்த்தி கூடும், அதே ஜெட் இப்போது மெல்லியது. வித்தியாசம் ஒன்றிரண்டு நம்பர்தான், ஆனால் விளிம்பில் நிறுத்திய எஞ்சினுக்கு அது போதும். கச்சான் காலத்தில் ட்யூன் பண்ணினால் அந்தப் பொடபொடப்பைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

டைமிங்கைக் கிட்டுக்கு, பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 18 பாகை முன் என்ற அளவில், ஸ்ட்ரோப் லைட் பிடித்துச் சரிபாருங்கள். கூட முன்னுக்கு வைத்தால் பிஸ்டன் தலை சுடும், கூடப் பின்னுக்கு வைத்தால் சைலன்சர் சுடும், இழுவையும் போகும். பிளக் என்.ஜி.கே. என்றால் பி7எச்எஸ் இடத்தில் பி8எச்எஸ். அந்தக் கொம்பனியில் நம்பர் கூடினால் குளிர்ந்த பிளக், வேறு சில கொம்பனிகளில் இது தலைகீழ். ஒயில், பெற்றோல் லீற்றருக்கு 20 மி.லி., புதுக் கிட் பழகும் ரன்னிங்-இன் முடியும்வரை கொஞ்சம் கூட. பிரேக் பழசென்றால் இதெல்லாவற்றுக்கும் முன்னால் அது.

செங்கலடியால் திரும்பி ஏ5இல் மகாஓயா, பதியத்தலாவை தாண்டிப் பதுளைக்கு ஏறுபவர்கள் ஜெட் மாற்றத் தேவையில்லை. மேலே காற்று மெலிந்து கலவை தடிக்கும், வண்டி கொஞ்சம் மந்தமாகும், ஆனால் எஞ்சினுக்குக் கெடுதல் இல்லை. கவனிக்க வேண்டியது இறக்கத்தில். ஒயிலைப் பெற்றோலோடு கலந்து ஓடும் வண்டியில் முறுக்கை முழுதாக மூடி, கியரில் விட்டு இறங்கினால் பெற்றோலோடு ஒயிலும் ஏறக்குறைய நின்றுவிடும், பிஸ்டன் மட்டும் வேகமாக ஓடிக்கொண்டிருக்கும். இடையிடையே கிளட்சைப் பிடித்து ஒரு முறுக்குக் கொடுத்துக்கொண்டே இறங்குங்கள்.