வெள்ளை நிறத்தில் வந்த நொதியம்: வாங்கப் போகிறவர்கள் கவனம்

பயிர்களின் உவர், வறட்சித் தாக்கம் பற்றி இங்கே ஆய்வு செய்கிற யாராவது அஸ்கோர்பேட் பெரொக்சிடேஸ் என்ற நொதியத்தை வாங்க நினைத்தால், காசு கட்டமுன் இதை ஒருக்கால் வாசியுங்கள்.

கிணற்று நீர் உவரான இடங்களில் மொட்டைக்கறுப்பன் நெல் எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்பதுதான் என் வேலை. உப்புக் கூடினால் இலைக் கலங்களில் ஐதரசன் பெரொக்சைட்டு சேரும். அதை அஸ்கோர்பேட்டை, அதாவது விற்றமின் சியை, கொண்டு நீராக்குவது இந்த நொதியம். இலைச் சாற்றோடு ஒப்பிடச் சுத்தமானது ஒன்று தேவைப்பட்டது. மீள்சேர்க்கை முறையில், அதாவது ஈகோலி பக்டீரியாவுக்குள் மரபணுவைப் புகுத்தி, செய்த 1 மில்லிகிராமுக்கு, கொழும்பு முகவர் ஒருவரிடம் ஒன்றரை இலட்சத்துக்கு மேல் கட்டினோம். கட்டமுன் போனில் கேட்டேன்.

“அண்ணை, இது வேலை செய்யிற நொதியம்தானே?”

“ஓம் தம்பி, 90 வீதத்துக்கு மேல சுத்தம்.”

நான் கேட்டதுக்கு அது பதிலே இல்லை என்பது அப்போது மண்டையில் ஏறவில்லை.

ஏழு கிழமை கழித்து இரவு பஸ்ஸில் வந்தது. ரெஜிபோம் பெட்டிக்குள் ஐஸ் பைகள் எல்லாம் தண்ணீர். சரி, உலர்த்திய பொடிதானே, அதைப் பொறுத்துக்கொள்ளலாம். நிறம்தான் இடித்தது. இந்த நொதியத்துக்குள் ஹீம் என்ற இரும்பு சேர்ந்த நிறப்பொருள் இருக்கிறது, அது இல்லாமல் நொதியம் வேலை செய்யாது; நம் இரத்தத்தைச் சிவப்பாக்குகிற அதே ஹீம். பொடி கபில நிறமாக இருக்க வேண்டும். குப்பியில் இருந்ததோ பால்மா மாதிரி வெள்ளை.

அஸ்கோர்பேட் இல்லாத கரைசலில் இது சீக்கிரம் செத்துவிடும் என்பதால், அது சேர்த்த பபரில்தான் (அமிலத்தன்மை மாறாமல் வைத்திருக்கும் கரைசல்) கரைத்தேன். அஸ்கோர்பேட் 290 நனோமீற்றர் ஒளியை உறிஞ்சும்; நொதியம் அதைச் செலவழித்தால் வாசிப்பு இறங்க வேண்டும். வைத்துப் பார்த்தால் இறங்கவே இல்லை. மூன்று தரம் பார்த்தேன். அதே பபரில் நெல் இலைச் சாற்றை விட்டதும் வாசிப்பு சரசரவென்று இறங்கியது. ஹீம் இருந்தால் 403 நனோமீற்றரை அண்டி எழும்ப வேண்டிய உச்சியும் இல்லை. ஆனால் புரதங்களைப் பருமன்படி பிரிக்கிற ஜெல்லில் ஓட்டினால், இந்த நொதியம் நிற்க வேண்டிய 28 கிலோடால்டனுக்குப் பக்கத்தில் ஒரே அழகான கோடு! 90 வீதம் சுத்தம் என்ற சான்றிதழ் பொய் சொல்லவில்லை. புரதத்தை அவித்து விரித்துவிட்டுத்தான் ஜெல்லில் ஏற்றுகிறோம், ஹீம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கோடு அதேதான்.

வரைபுகளை முகவருக்கு அனுப்பினேன். பெட்டியோடு வந்த தாளின் அடியில், பொடி எழுத்தில், “செயற்பாடு சோதிக்கப்படவில்லை” என்று இருக்கிறதாம். விலை அனுப்பியபோது அந்தத் தாள் வரவில்லை. திறந்த குப்பிக்குக் காசும் திரும்பாதாம். “திறக்காமல் எப்படி அண்ணை சோதிக்கிறது?” என்றேன். அதுக்குப் பிறகு போன் எடுப்பதில்லை.

நீங்கள் வாங்குவதென்றால், மில்லிகிராமுக்கு எத்தனை யூனிட் செயற்பாடு, எந்த முறையில் அளந்தது, முழுப் புரதமா துண்டா, 403 நனோமீற்றர் (ஹீம்) வாசிப்புக்கும் 280 நனோமீற்றர் (புரதம்) வாசிப்புக்கும் உள்ள விகிதம் என்ன என்பதை உங்களுக்கு வரப்போகிற அதே தொகுதிக்கு எழுத்தில் கேளுங்கள். போன் கதை செல்லாது.

நான் இப்போது ஐஸில் உரலை வைத்து இலை அரைத்து, நானே பிரித்தெடுக்கிறேன். மிச்சக் கரைசல் பிரீசரில் கிடக்கிறது. இந்தப் புரதத்தை அடையாளம் காண அன்டிபொடி (பிறபொருளெதிரி) செய்கிறவர்களுக்கு, நொதியம் வேலை செய்யாவிட்டாலும் பரவாயில்லை, தேவையென்றால் வந்து எடுத்துக்கொண்டு போகலாம்.