மேலே மூன்று அழகு, அடியில் ஒரே கேள்வி

2022-இல் ஃபார்முலா ஒன் விதிகள் அடியோடு மாறியபோது எல்லோரும் அலசியது சைட்பாடை, அதாவது காரின் இருபக்கமும் புடைத்திருக்கும் உடல்பகுதியைத்தான். நானும் ராயபுரத்து மொட்டைமாடியில் உட்கார்ந்து மெர்சிடிஸ், ஃபெராரி, ரெட் புல் என்று மூன்று அணிகளின் கார் படங்களை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். காசிமேட்டில் ஃபைபர் படகு பழுதுபார்க்கும் பக்கத்து வீட்டு அண்ணன் எட்டிப் பார்த்தார். "மேல் அழகு கிடக்கட்டும் தம்பி, அடியைக் காட்டு." அடியை எந்த அணி காட்டும்?

ஆனால் விதி கைவைத்தது அங்கேதான். 1982-உடன் தடைசெய்யப்பட்ட காற்றுச் சுரங்கங்கள் காருக்கு அடியில் திரும்பி வந்தன. குறுகலான வழியில் காற்று வேகமெடுக்கும், அழுத்தம் குறையும், கார் தரையோடு உறிஞ்சப்படும். அளவுக்கு மீறித் தாழ்ந்தால் காற்றோட்டம் அடைபட்டுப் பிடி விட்டுப்போகும். கார் எழும்பும், மறுபடி உறிஞ்சப்படும். கடல்பன்றி மேலும் கீழுமாக நீந்துவது போன்ற துள்ளல்.

அதில் அதிகம் அடிவாங்கியது மெர்சிடிஸ். சைட்பாடே இல்லையோ என்று தோன்றும் அளவுக்கு ஒட்ட இழைத்த உடல். துணிச்சலில் அதற்குத்தான் என் முதல் மதிப்பெண். ஆனால் தரையை ஒட்டி ஓடினால்தான் அதற்கு வேகம், ஒட்டினாலோ துள்ளல். பாகு பந்தயத்தில் அதன் ஓட்டுநர் ஹாமில்டன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். 22 பந்தயங்களில் ஒரே ஒரு வெற்றி.

ஃபெராரியின் பக்கங்கள் மேலே குழிந்த தொட்டிகள். மூன்றிலும் கண்ணுக்கு இனியது அதுதான். பஹ்ரைனில் முதல் இரண்டு இடங்கள், ஆண்டு முழுவதற்குமாக நான்கு வெற்றிகள். ஸ்பெயினிலும் பாகுவிலும் முன்னணியில் இருந்த அதன் ஓட்டுநர் லெக்லேரை இன்ஜின் கைவிட்டது. அதற்குச் சைட்பாடைக் குறைசொல்ல முடியாது.

ரெட் புல் 17 பந்தயங்களை வென்றது. அதன் சைட்பாட் பின்சக்கரத்தை நோக்கிச் சரியும். எல்லோரும் நகலெடுத்தது அந்தச் சரிவைத்தான். என் கணக்கில் சூட்சுமம் சக்கரத்தை உடலோடு இணைக்கும் சஸ்பென்ஷனில் இருந்தது. பிரேக் போட்டாலும் மூக்கு தாழாது, அடியின் உயரம் நிலையாக நிற்கும், காற்று தடுமாறாது. இந்தக் காற்று வித்தையை மாணவப் பருவத்திலேயே ஆராய்ந்த கார் வடிவமைப்பாளர் ஏட்ரியன் நியூவி அங்கே இருந்தது சாதாரண விஷயமா?

2023 மே, மொனாக்கோ. மெர்சிடிஸ் தன் ஒட்டிய பக்கங்களைக் கைவிட்டு அகலமான சைட்பாடோடு வந்தது. அந்த வார இறுதியிலேயே ஹாமில்டனும் ரெட் புல்லின் பெரெஸும் தனித்தனியாகத் தடுப்பில் மோத, இரண்டு கார்களையும் கிரேன் அந்தரத்தில் தூக்கியது. இரண்டு அடிகளும் உலகத்துக்கே தெரிந்தன.

படங்களை அண்ணனிடம் நீட்டினேன். ரெசின் காய்ந்த விரலால் பெரிதாக்கினார். மெர்சிடிஸின் அடியில் வளைவுகள் குறைவு. ரெட் புல்லில் மேடு, பள்ளம், படி, மறுபடி மேடு. கரையில் கவிழ்த்துப் போட்ட படகைத் தடவுவது போலத் திரையைத் தடவிவிட்டுச் சொன்னார்: "அது பலகை. இது படகு."

2026 விதிகளில் அந்த நீண்ட சுரங்கங்கள் போய், அடி பெருமளவு தட்டையாகிவிட்டது. அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை.