கும்பகோணத்தில் ஈறு நோய்க்குச் சிகிச்சை பெற்ற அனுபவம்

பல் துலக்கும்போது எச்சிலில் ரத்தம் கலந்து வருவதை ஏழெட்டு வருடமாகப் பார்த்திருந்தும், வலி இல்லை என்பதால் நான் பொருட்படுத்தவில்லை. கீழ்வரிசை முன்பல் ஒன்று நாக்கு பட்டாலே அசையத் தொடங்கிய பிறகுதான், மகாமகக் குளத்துக்கு அருகில், ஈறு சிகிச்சைக்கென்றே மேற்படிப்புப் படித்த மருத்துவர் நடத்தும் சிறிய மருத்துவமனைக்குச் சென்றேன்.

முன்பு வேறோர் இடத்தில் பத்து நிமிடத்தில் மேலாகக் காரையைச் சுரண்டி அனுப்பிவிட்டார்கள். இங்கே முதலில் அளந்தார்கள். மில்லிமீட்டர் கோடிட்ட மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் இடையே பதமாக இறக்கி, ஒரு பல்லுக்கு 6 இடங்கள் வீதம், "3, 2, 6" என்று மருத்துவர் சொல்லச் சொல்ல உதவியாளர் குறித்துக்கொண்டார். 3 வரை இயல்பு. அதைத் தாண்டினால் ஈறு பல்லை விட்டு விலகிப் பையாகிவிட்டது என்று பொருள்.

பல்லில் ஒட்டும் படலம் சில நாட்களிலேயே இறுகிக் காரையாகிறது, ஈறு சிவந்து கசிகிறது. அப்போதே சுத்தம் செய்தால் ஈறு பழையபடி தேறிவிடும். விட்டுவிட்டால், பலருக்கு, கிருமிகளை எதிர்த்து உடல் நடத்தும் போராட்டமே வருடக்கணக்கில் பல்லைத் தாங்கும் எலும்பைக் கரைத்துவிடுகிறது என்றும், கரைந்த எலும்பு தானாக வளராது என்றும் எக்ஸ்ரேயைக் காட்டி விளக்கினார். சர்க்கரை அளவையும் பரிசோதிக்கச் சொன்னார், ஏனென்றால் சர்க்கரை ஏறினால் ஈறு நோய் வேகமெடுக்கும். புகைபிடிப்பவர்களுக்கு ரத்தக் கசிவு குறைவாகவே தெரியும் என்பதால் நோய் முற்றும்வரை மறைந்திருக்குமாம். என் அப்பாவை நினைத்துக்கொண்டேன்.

மரத்துப்போக ஊசி போட்டு, 4 முறையாக, ஈறுக்கு அடியில் வேர் வரை சுத்தம் செய்தார்கள். அதன்பின் பல்லிடுக்குகள் தெரிந்தன, குளிர்ந்த நீர் கூசியது. "சுத்தம் செய்தால் பல் ஆடும்" என்று நம் பக்கத்தில் சொல்வது இதைப் பார்த்துத்தான். உண்மையில் அது காரையும் வீக்கமும் மறைத்திருந்த இடைவெளி. இரண்டு மாதம் கழித்து அளந்தபோது 6 இருந்த இடம் 4 ஆகியிருந்தது, கசிவும் நின்றிருந்தது.

மொத்தச் செலவை முதல் நாளே சொல்லாததும், அளவுத் தாளின் நகலைக் கேட்டு வாங்க நேர்ந்ததும் குறைகள். மாலையில் ஒரு மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். இருந்தும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் செல்கிறேன். சென்ற முறை, ஈறில் ரத்தம் வருகிறது என்ற தம்பியையும் அழைத்துச் சென்றேன். எங்கும் 3-ஐத் தாண்டவில்லை, அன்றைக்கே சுத்தம் செய்து அனுப்பிவிட்டார்கள்.