ஒற்றைக்குழல் 12 போர் துப்பாக்கி: 22 வருடம் தோட்டாக்களோடு பழகிய அனுபவம்

எங்கள் நிலம் தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டி போகும் பக்கம், காட்டை ஒட்டி இருக்கிறது. மானாவாரி ராகி, ஊடே சால் விட்டு அவரையும் துவரையும். ஐப்பசி பிறந்தால் யானை, வருடம் பூராவும் பன்றி. பயிர்ப் பாதுகாப்புக்கென்று அப்பா வாங்கிய ஒற்றைக்குழல் 12 போர் துப்பாக்கி (போர் என்பது குழலின் உள்ளளவு), அவர் காலமான பிறகு 2003இல் என் பேருக்கு மாறியது. உரிமப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் தருமபுரி கலெக்டர் முத்திரைதான் இருக்கும். 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமான பிறகு வந்த புதுப்பித்தல் எல்லாம் கிருஷ்ணகிரி முத்திரை. உரிமத்தில் எஸ்.பி.பி.எல். என்று எழுதியிருக்கும். பின்பக்கம் மடக்கித் தோட்டா போடுகிற ஒற்றைக்குழல் என்று அர்த்தம். எஸ்.பி.எம்.எல். என்றால் குழல் வாய் வழியாக வெடிமருந்து இடித்துப் போடுகிற பழைய வகை.

துப்பாக்கியைப் பற்றிப் பேசுகிறவர்கள் குழலையும் கட்டையையும்தான் பேசுவார்கள். எனக்கு இத்தனை வருடத்தில் பிரச்சினை வந்ததும் பாடம் கிடைத்ததும் தோட்டாவில்தான். அதனால் இதில் பாதிக்கு மேல் தோட்டாதான் இருக்கும்.

அப்பா விட்டுப்போன பெட்டியில் மூன்று வகை இருந்தன. சிவப்புக் காகிதக் கூடு போட்ட தொழிற்சாலைத் தோட்டாக்கள். கொஞ்சம் பிளாஸ்டிக் கூடு. அப்புறம் ஒரு துணிப்பையில் பத்துப் பன்னிரண்டு முழுப் பித்தளைத் தோட்டாக்கள். பித்தளைக் கூட்டைத் திரும்பத் திரும்ப நிரப்பலாம். அப்பா காலத்தில் அப்படி நிரப்பித் தருகிற பெரியவர் ஒருவர் பக்கத்து ஊரில் இருந்தார். கரிமருந்து, அதன் மேல் தக்கை, அதன் மேல் ஈய ரவை, மேலே ஒரு அட்டை வட்டம் வைத்து மெழுகு ஊற்றி மூடியிருப்பார். கையில் எடுத்தால் நல்ல கனம், பார்க்க அழகு. கடைத் தோட்டாவை மிச்சம் பிடிக்கலாம் என்று நானும் முதலில் இவற்றைத்தான் எடுத்தேன்.

2006 மார்கழியில் ஒரு ராத்திரி. பரணில் நானும் என் மச்சானும். கீழே ராகிக்குள் பன்றிக் கூட்டம் உறுமுகிற சத்தம். மேல்நோக்கி ஒரு வெடி வைத்தால் ஓடிவிடும் என்று பித்தளைத் தோட்டா ஒன்றைப் போட்டு, சுத்தியல் மாதிரி அடிக்கிற குதிரையை ஏற்றி விசையை இழுத்தேன். 'டமால்' என்று வர வேண்டியது 'புஸ்' என்று வந்தது. தோளில் உதையே இல்லை. குழல் வாயிலிருந்து கொஞ்சம் புகை மட்டும் எழுந்தது. மச்சான் அவசரத்தில், "மாமா, அடுத்ததைப் போடுங்க, போடுங்க" என்கிறான். கையில் அடுத்த தோட்டாவும் எடுத்துவிட்டேன். ஏனோ மனசு கேட்கவில்லை. குழலை மடக்கி, கூட்டை வெளியே இழுத்து, டார்ச்சைப் பின்பக்கம் பிடித்துப் பார்த்தால் வெளிச்சம் அந்தப் பக்கம் போகவில்லை. தக்கை நடுக்குழலில் உட்கார்ந்திருந்தது.

அன்றைக்கு அடுத்த தோட்டாவைப் போட்டுச் சுட்டிருந்தால் குழல் கிழிந்திருக்கும். முன்னால் அடைப்பு இருக்கும்போது பின்னால் எழுகிற அழுத்தத்துக்குப் போக வழி இல்லை. அது இடது கை பிடித்திருக்கிற இடத்தில்தான் வெடித்து வெளியே வரும். காலையில் துடைக்கும் கம்பியை வாய்ப்பக்கமாக விட்டுத் தட்டித் தட்டி அந்தத் தக்கையை எடுத்தேன். கறுத்து, ஓரம் கருகி, குறுக்களவு குறைந்து போயிருந்தது. ஈரம் ஏறி, பிறகு காய்ந்து சுருங்கியிருக்கிறது. பக்கவாட்டில் இடைவெளி விழுந்தால் புகை அதன் வழியாகவே கசிந்துவிடும், ரவையைத் தள்ள வலு இருக்காது. கரிமருந்துக்கும் ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு. எந்த வருடம் நிரப்பியது, எத்தனை மழைக்காலம் பார்த்தது என்று யாருக்குத் தெரியும்?

அதோடு பித்தளைப் பையை மூடிவிட்டேன். சேலத்தில் நான் தோட்டா வாங்கும் கடையில், துப்பாக்கி பழுது பார்க்கும் பெரியவரிடம் இதைச் சொன்னபோது அவர் இன்னொன்றும் சொன்னார். கரிமருந்துக்குப் பழகிய கையால், அதே அளவு புகையில்லா மருந்தை அள்ளிப் போட்டு நிரப்பியவர்களின் துப்பாக்கிகளை அவர் பார்த்திருக்கிறாராம். இரண்டும் பார்க்கக் கறுப்பாகவே இருக்கும், ஆனால் வலு வேறு. சட்டமும் இதில் தெளிவாகவே இருக்கிறது. 1959ஆம் வருட ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி தோட்டா தயாரிக்கத் தனி உரிமம் வேண்டும். நம் கையில் இருக்கிற துப்பாக்கி உரிமம் அதற்குப் போதாது. பையை அப்படியே காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து ஒப்படைத்தேன். ஒப்படைக்கிறேன் என்று போனால் வம்பில் மாட்டிக்கொள்வோமோ என்று பயப்படுகிறவர்கள் எங்கள் பக்கம் நிறைய. எனக்கு அரை நாள் செலவானது, அவ்வளவுதான்.

சரி, காகிதக் கூடு. சுடுவதற்கு இதமானது, சுட்ட பிறகு வருகிற மெழுகு வாசனை எனக்கு இன்னமும் பிடிக்கும். ஆனால் எங்கள் ஊர்ப் பனிக்கும் மழைக்கும் அது ஆகாது. ஒரு ஐப்பசி முழுக்கத் தோல் வாரில் செருகி வைத்திருந்தேன். தேவைப்பட்ட அன்று மூன்றில் இரண்டு குழலுக்குள் நுழையவே இல்லை. கூடு உப்பியிருந்தது. நுழைந்த ஒன்றும் சுட்ட பிறகு ஒட்டிக்கொண்டு, பேனாக்கத்தியால் விளிம்பை நெம்பித்தான் எடுக்க முடிந்தது. தோல் வாரில் நிரந்தரமாகச் செருகி வைப்பதே தப்பு. தோல் பதனிடுகிற சரக்கு பித்தளை அடிப்பாகத்தில் பச்சைக் களிம்பை ஏற்றிவிடும். களிம்பு ஏறிய தோட்டாவைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்குகிறவர்கள் உண்டு. நான் அப்படிச் செய்வதில்லை. தனியே எடுத்து வைத்துக் கடைக்குக் கொண்டுபோய் விடுவேன்.

இப்போது பதினைந்து வருடமாகப் பிளாஸ்டிக் கூடு மட்டும்தான். புனே பக்கம் கிர்க்கி தொழிற்சாலையில் தயாராகும் தோட்டாக்களைத்தான் பெரும்பாலும் வாங்குகிறேன். மூடியுள்ள எவர்சில்வர் டப்பா, உள்ளே செருப்புப் பெட்டியில் வருகிற சிலிகா ஜெல் பொட்டலம் நாலைந்து, அது பீரோவில். துப்பாக்கி வேறு அறையில். வாங்கிய மாதத்தைப் பேனாவால் கூட்டின் மேலேயே எழுதிவிடுவேன், பழையது முதலில் செலவாகும். இந்த முறைக்கு மாறிய பிறகு ஒரு தோட்டாகூட வெடிக்காமல் போனதில்லை.

பிளாஸ்டிக்குக்கு மாறிய புதிதில் ஒரு தப்பு நடந்தது. அதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் பழைய துப்பாக்கி வைத்திருக்கும் பல பேருக்கு இது தெரியவில்லை. என் துப்பாக்கியில் தோட்டா உட்காருகிற அறையின் நீளம் 65 மில்லிமீட்டர். குழலை மடக்கினால் அடியில் பொறித்திருக்கும், நான் அதைப் படித்ததே இல்லை. 2011இல் கடையில் 65 இல்லை, 70 இருந்தது. போட்டுப் பார்த்தேன், சுலபமாக நுழைந்தது. பிறகென்ன என்று வாங்கி வந்தேன். முதல் வெடியிலேயே தோளில் வழக்கத்தை விடப் பலமான உதை. கூட்டை எடுத்துப் பார்த்தால் வாய் ஓரம் நார் நாராகப் பிய்ந்திருந்தது. விஷயம் இதுதான்: தோட்டாவின் நீளம் என்று சொல்வது சுட்டு விரிந்த பிறகு உள்ள நீளம். சுடுமுன் வாய் நட்சத்திரம் மாதிரி மடிந்திருப்பதால் குட்டையாக இருக்கும், அதனால் சின்ன அறைக்குள்ளும் நுழைந்துவிடும். சுடும்போது மடிப்பு விரிய இடம் இல்லாமல் குழலின் குறுகும் இடத்துக்குள் போய்த் திறக்கும். வழி நெருங்கும், அழுத்தம் ஏறும். ஒரு தடவையில் ஒன்றும் ஆகாமல் போகலாம், ஆனால் ஒவ்வொரு தடவையும் துப்பாக்கியின் ஆயுளில் கை வைக்கிறோம். மிச்சம் இருந்ததை மறுநாளே கடையில் திருப்பிவிட்டேன். உங்களிடம் அப்பா, தாத்தா காலத்துத் துப்பாக்கி இருந்தால் இன்றைக்கே மடக்கி அந்த எண்ணைப் பாருங்கள். எண் அழிந்திருந்தால் அளந்து சொல்லச் சொல்லிப் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள்.

எண்ணெய் விஷயமும் இந்த ஊருக்கென்று தனி. தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் குளிர் தெரிந்ததுதானே, தளியைக் குட்டி இங்கிலாந்து என்றே சொல்வார்கள். அப்பா வழக்கப்படி தேங்காய் எண்ணெயால் துடைத்து வந்தேன். மார்கழியில் தலைக்கு வைக்கிற எண்ணெயே பாட்டிலில் கல்லாக நிற்கிற ஊர். தோட்டாவின் அடியைத் தட்டுகிற ஊசி ஓடும் துளையில் அதே எண்ணெய் உறைந்துபோய், குதிரை விழுந்தும் ஊசி மெத்தென்று தட்டியது. தோட்டாவின் அடியில் ஒரு லேசான புள்ளி, வெடிக்கவில்லை. அந்த மாதிரி நேரத்தில் உடனே மடக்கித் திறக்கக் கூடாது. தாமதமாக வெடிக்கிற தோட்டாவும் உண்டு. குழலை ஆள் இல்லாத பக்கம் காட்டியபடி ஒரு நிமிஷமாவது அப்படியே பிடித்திருந்து, பிறகுதான் திறக்க வேண்டும். அதிலிருந்து துப்பாக்கிக்கென்று விற்கிற எண்ணெய்தான். அது கிடைக்காத நாளில் தையல் மெஷின் எண்ணெய், அதுவும் ஒரு சொட்டு.

தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஒப்படைக்க வேண்டும், ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும். பாராளுமன்றத் தேர்தல் சித்திரை வெயிலில் வருவதால் எங்களுக்குக் கஷ்டம் இல்லை. 2019 டிசம்பர் 27, 30இல் ஊரக உள்ளாட்சித் தேர்தல் வந்தது பாருங்கள், கதிர் முற்றுகிற நேரம். அந்த ஒரு மாதமும் தகர டின்னும் பட்டாசும்தான். உண்மையைச் சொன்னால், சத்தத்துக்கு அதுவே போதுமாக இருந்தது. திரும்ப வாங்கியபோது குழலுக்குள் செம்புள்ளியாகத் துரு பிடித்திருந்தது. கொடுக்கும் முன் உள்ளே எண்ணெய்த் துணி ஓட்டாதது என் தப்பு. இப்போது நன்றாக எண்ணெய் விட்டு, உறையில் போடாமல் பழைய பருத்தி வேட்டியில் சுற்றிக் கொடுக்கிறேன். உறை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உரிமம் முன்பு மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியிருந்தது, 2019 ஆயுதச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ஐந்து வருடம். இது பெரிய நிம்மதி.

போன பொங்கலுக்கு அரிசோனாவிலிருந்து தங்கை மகன் வந்திருந்தான். அங்கே அவன் ரிவால்வர் வைத்திருக்கிறான், அதற்கு வீட்டிலேயே தோட்டா நிரப்புகிறான். அங்கே அது சட்டப்படியான பொழுதுபோக்கு. அதிலும் ஒரு வகை, கிலுகிலுப்பைப் பாம்புக்கென்று குண்டுக்குப் பதில் பொடி ரவை அடைத்தது. "மாமா, நீங்களும் நிரப்பலாமே?" என்றான். பரண் கதையைச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. தராசும் அச்சுக் கருவியும் வைத்து ஒவ்வொன்றாக நிறுத்துப் போடுகிற அவனுக்கும் பெரிய பயம் அந்தப் 'புஸ்' தானாம். ரிவால்வர் குழலுக்குள் புரி வெட்டியிருக்கும். குண்டைச் சுழற்றிவிடத்தான் அந்தப் புரி. ரவை அதில் சுழன்று வந்தால் வெளியே வந்ததும் சிதறி, வட்டமாக, நடுவில் ஓட்டை விழுந்த மாதிரி பரவும். மூன்று மீட்டர் தாண்டினால் நம்ப முடியாது என்றான். நம் 12 போரில் புரி இல்லை, வழவழப்பான குழல். ரவைக்கென்றே செய்தது.

பாம்பு என்றதும் நினைவு வருகிறது. "துப்பாக்கிதான் இருக்கே அண்ணா, விரியனைச் சுட்டுடக் கூடாதா?" என்று பக்கத்துக் காட்டுத் தம்பி அடிக்கடி கேட்பான். கூடாது. 1972 வனவிலங்குச் சட்டம் நாகத்துக்கும் விரியனுக்கும் சேர்த்துத்தான். அதோடு இருட்டில் காலடியில் கிடக்கிற பாம்பைப் பார்த்துச் சுடுவது நம் காலுக்கும் பக்கத்தில் நிற்கிறவர் காலுக்கும்தான் ஆபத்து, பாறையில் பட்ட ரவை எந்தப் பக்கம் தெறிக்கும் என்று சொல்ல முடியாது. முழங்கால் வரை கம் பூட்ஸ், நெற்றியில் கட்டுகிற லைட், தரையைத் தட்டி நடக்க ஒரு மூங்கில். இந்த மூன்றும் வாங்கிய பிறகு எங்கள் வீட்டில் யாரையும் பாம்பு தீண்டவில்லை.

யானைக்கும் துப்பாக்கி எடுப்பதில்லை. ரவை பட்ட யானை காயத்தோடு சுற்றும், அடுத்த ஊரில் ஆளைத் துரத்தும். ஜவளகிரிப் பக்கமிருந்து கூட்டம் இறங்கியது என்று தகவல் வந்தால் வனத்துறைக்குப் போன் போட்டுவிட்டுப் பரணிலேயே இருந்துவிடுவோம். பன்றியைச் சுடவும் நமக்கு அனுமதி இல்லை. ஆக 22 வருடத்தில் நான் செலவழித்தது அறுபது தோட்டாவுக்குள்தான் இருக்கும், அத்தனையும் ஆகாயத்தை நோக்கி, சத்தத்துக்காக. அதற்கும் சின்ன ரவைதான், 6ஆம் நம்பர். பெரிய எல்.ஜி. ரவையை மேல்நோக்கிச் சுட்டால் விழுகிற இடத்தில் ஆள் இருந்தால் என்ன ஆகும் என்ற எண்ணமே தூங்க விடாது.

துப்பாக்கி இன்னமும் நல்ல நிலையில் இருக்கிறது. கீல் மட்டும் கொஞ்சம் ஆடுகிறது. குழலை மூடிக் குலுக்கினால் 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்கும். அறுவடை முடிந்ததும் சேலம் கொண்டுபோய் அதை இறுக்கி, அறையையும் ஒரு தடவை அளந்து பார்க்கச் சொல்ல வேண்டும். டப்பாவில் ஒன்பது தோட்டா மிச்சம். இந்த ஐப்பசிக்கு அது போதும்.