குடல் நோய்ப் பிரிவில் முதல் சந்திப்பு: அழைப்பு அருமை, காத்திருப்பு கொடுமை

தென்சென்னையில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையின் இரைப்பை குடல் பிரிவுக்கு என் தம்பியை அழைத்துச் சென்றேன். அல்சரேட்டிவ் கொலைட்டிஸாகவோ கிரோன் நோயாகவோ (இரண்டுமே குடலில் நாள்பட்ட அழற்சியும் புண்ணும் உண்டாக்குபவை) இருக்கலாம் என்று ஐயப்பட்டுக் குடும்ப மருத்துவர் அனுப்பியிருந்தார். முன்பதிவு செய்தவர்களைச் செவிலியர் ஒருவர் முன்னதாகவே தொலைபேசியில் அழைத்து நிதானமாக விவரம் கேட்பதுதான் இந்தப் பிரிவின் சிறப்பு.

மலத்தில் இரத்தமோ சளியோ வருகிறதா, இரவில் தூக்கம் கலைந்து கழிவறைக்குப் போக நேர்கிறதா, எடை குறைந்ததா, வாய்ப்புண்ணும் கண் சிவப்பும் உண்டா என்றெல்லாம் கேட்டவர், மூட்டுவலிக்காக மருந்துக்கடையில் தம்பி தானே வாங்கிப் போட்ட டைக்ளோஃபெனாக் மாத்திரையையும் விடாமல் குறித்துக்கொண்டார். அவ்வகை வலி மாத்திரைகள் குடலைப் புண்ணாக்குவதோடு, மலப் பரிசோதனையில் குடல் அழற்சியைக் காட்டும் கால்புரோடெக்டின் என்ற புரதத்தின் அளவையும் கூட்டிக் காட்டக்கூடும். வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்ததா என்ற கேள்விக்குத்தான் அம்மா முகம் சுளித்தார். ஆனால் குடல் காசநோயும் கிரோன் நோயும் கொலோனோஸ்கோபியில் (குழாய்க் கேமராவால் பெருங்குடலின் உட்புறத்தைப் பார்க்கும் பரிசோதனை) ஏறத்தாழ ஒன்றுபோலவே தெரியக்கூடும். கிரோன் என்று எண்ணி, நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் ஸ்டீராய்டு கொடுத்தால் உள்ளிருக்கும் காசநோய் முற்றிவிடும் என்பதால், காசநோய் பரவலாக உள்ள நம் ஊரில் இதைக் கேட்காமல் விடுவதற்கில்லை.

பழைய கொலோனோஸ்கோபி அறிக்கையோடு அதன் வண்ணப் படங்களையும், பயாப்சி (குடலிலிருந்து எடுத்த சிறு திசுத் துண்டைச் சோதிப்பது) செய்த ஆய்வகத்திலிருந்து அந்தத் திசுவின் கண்ணாடி ஸ்லைடுகளையும் மெழுகில் பதித்த பிளாக்குகளையும் வாங்கி வரச் சொன்னது பேருதவி. கையெழுத்திட்டு வாங்கிய அந்தச் சிறு பிளாஸ்டிக் பெட்டியைப் பார்த்த மருத்துவர், தங்கள் நோய்க்குறியியல் வல்லுநர் மறுபடி பார்க்கட்டும், இப்போதைக்கு இன்னொரு கொலோனோஸ்கோபி வேண்டாம் என்றார். அதற்காகப் பேதி மருந்தைக் குடித்து இரவெல்லாம் அவதிப்படுவதிலிருந்து தம்பி தப்பினான்.

காத்திருப்பு அறையைப் பற்றி நல்லதாகச் சொல்ல எதுவும் இல்லை. காலை பத்து மணி டோக்கனுக்கு மதியம் தாண்டித்தான் அழைத்தார்கள். அடிக்கடி கழிவறைக்கு ஓட வேண்டியவர்கள் வரும் பிரிவுக்கு, ஸ்கேன் பிரிவைத் தாண்டி நடைக்கூடத்தின் கோடியில் ஒரே ஒரு கழிவறை! தம்பி அங்கே போயிருந்த நேரத்தில் எண்ணை அழைத்துவிட்டு அடுத்தவரை உள்ளே அனுப்பினார்கள். கேட்டதற்கு, இடத்தை விட்டு எழுந்தால் அப்படித்தான் என்றார் வரவேற்பாளர். கைபேசியில் ஒரு அழைப்பு விடுப்பது அவ்வளவு கடினமா?

செல்ல விரும்புவோர் காலையின் முதல் டோக்கனையே கேட்டு வாங்குங்கள். பதிவு செய்யும்போதே இன்ன நோய் என்று சொல்லி, எண்ணைத் தாண்டி அழைக்க வேண்டாம் என்று சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.